‘எத்தனை வருஷம் உழைக்கும்?’: பொருள்களின் ஆயுள் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் டிரெய்னிகள், டீலர்கள், கணக்குப் பிரிவுக்காரர்கள், வீட்டில் என் மச்சான் என எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் அடுத்தவரிடம் இதையே நீட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். உதாரணங்களில் வரும் மோட்டார் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் கம்பெனியின் எண்களும் அல்ல.

ஒரு மோட்டார் எத்தனை வருஷம் உழைக்கும்? ஒரே நம்பரா சொல்லுங்க சார்.

ஒரே நம்பராக யாராலும் சொல்ல முடியாது. ஒரே நாளில், ஒரே லைனில், ஒரே செம்புக் கம்பியில் கட்டிய 100 மோட்டாரில் ஒன்று முதல் மாதமே புகைந்துவிடும். இன்னொன்று வாங்கியவர் பேரன் காலத்திலும் தண்ணீர் இறைக்கும். ஆயுள் என்பது ஒரு புள்ளியில் நிற்பதில்லை, பரவிக் கிடக்கிறது.

அதனால் உருப்படியான பதிலில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எவ்வளவு நேரம், நூற்றுக்கு எத்தனை, எந்த நிலைமையில். “சரியான வோல்டேஜில் தினம் 6 மணி நேரம் ஓடினால், ஐந்து வருஷ முடிவில் 100-க்கு 90 மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்” என்றால் அது பதில். “பத்து வருஷம் அசையாது சார்” என்றால் அது விற்பனைப் பேச்சு.

சராசரி ஆயுள்னு ஒண்ணு இருக்குமே, அதைச் சொன்னா போதாதா?

வாங்குபவருக்குச் சராசரியால் பெரிய பயன் இல்லை. இரண்டு மாடலுக்கும் சராசரி எட்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லாமே ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் போகிறது. இன்னொன்றில் கால்வாசி முதல் வருஷத்திலேயே போய்விட்டு, மீதி நெடுங்காலம் ஓடுகிறது. சராசரி ஒன்றுதான், ஆனால் இரண்டாவது மாடலை விற்ற டீலர் கடையைத் திறக்க முடியாது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் பேரிங்காரர்கள். அவர்கள் சொல்லும் ‘எல்10’ ஆயுள் என்பது 100-க்கு 10 பேரிங் பழுதாகிற நேரம். மீதி 90 அதைத் தாண்டி ஓடும். ஸ்வீடனில் லுண்ட்பெர்க், பாம்கிரென் இருவரும் 1947-இல் வெளியிட்ட கணக்குதான் இன்றைய ஐஎஸ்ஓ 281 தரத்துக்கு அடிப்படை. அதன்படி பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போகும். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிக் கட்டும் மெக்கானிக்குகளிடம் இதை எத்தனை தடவை சொன்னாலும் சிரிக்கிறார்கள். மற்ற பொருள்களுக்கு இதே அளவை ‘பி10’ என்பார்கள்.

ஹார்ட் டிஸ்க் விவரத்தாள்ல எம்டிபிஎஃப் 10 லட்சம் மணி நேரம்னு போட்டிருக்கான். கணக்குப் போட்டா 114 வருஷம் வருதே, அவ்வளவு நாள் ஓடுமா?

ஓடாது. எம்டிபிஎஃப் என்பது ‘பழுதுகளுக்கு நடுவிலான சராசரி நேரம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். என் மச்சான் இதைக் கேட்டபோது நான் சொன்ன பதில் இது: 25 வயதுக்காரர்கள் 1,000 பேரில் ஒரு வருஷத்தில் ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே வீதம் என்றைக்கும் நீடித்தால் சராசரி ஆயுள் 1,000 வருஷம் என்று கணக்கு சொல்லும். யாரும் 1,000 வருஷம் வாழ்வதில்லை, ஏனென்றால் வயதாக வீதம் ஏறும். எம்டிபிஎஃப் அந்த 1,000 வருஷம் மாதிரிதான். நடுவயதில் பழுதாகும் வீதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட எண்.

திரும்ப நேராக்கினால் உபயோகப்படும். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதை 10 லட்சத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 0.88 சதவீதம். அலுவலகத்தில் 1,000 டிஸ்க் இருந்தால் வருஷத்துக்கு ஏழெட்டோ ஒன்பதோ போகும், கையில் ஸ்பேர் வைத்துக்கொள் என்று அர்த்தம். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டேட்டா சென்டரில் ஓடும் டிஸ்க்குகளின் பழுது வீதத்தை மாடல் வாரியாகத் தொடர்ந்து வெளியிடுகிறது. விவரத்தாளில் இருப்பதைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

இன்னொரு விஷயம். வீதம் மாறாமலே இருந்தாலும் எம்டிபிஎஃப் நேரத்தை எட்டும்போது ஓடிக்கொண்டிருப்பது பாதி அல்ல, 37 சதவீதம்தான்.

காலேஜ்ல ‘பாத்டப் கர்வ்’னு ஒரு படம் போட்டாங்க. அது நிஜமா?

பாதி நிஜம். ஆரம்பத்தில் செய்நேர்த்திக் குறையால் போகிறவை, நடுவில் எப்போதாவது போகிறவை, கடைசியில் தேய்ந்து போகிறவை என்று மூன்று கூட்டம் உண்டு. வயது ஏற ஏறப் பழுது வீதம் எப்படி மாறுகிறது என்று மூன்றையும் சேர்த்து வரைந்தால் குளியல் தொட்டி வடிவம் வரும். ஆனால் எல்லாப் பொருளுக்கும் மூன்று பகுதியும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலுக்கு நடுவில் தட்டையான காலமே கிடையாது, முதல் நாளிலிருந்தே தேய்மானம்தான்.

10 மோட்டாரை 2,000 மணி நேரம் ஓட்டினோம். 4 போச்சு, 6 இன்னும் ஓடுது. போன நாலுக்கு சராசரி போட்டா சரிதானே?

இந்த ஒரு தப்பைத் திருத்துவதிலேயே என் பாதி சர்வீஸ் போய்விட்டது. போனவை 400, 900, 1,300, 1,700 மணி நேரத்தில் போயின என்று வையுங்கள். நாலுக்குச் சராசரி 1,075 மணி. ஆனால் ஆறு மோட்டார் 2,000 மணியைத் தாண்டி நிற்கிறதே! பத்தில் ஆறு 2,000-ஐத் தாண்டிய மாடலின் ஆயுள் 1,075 என்று ரிப்போர்ட் எழுதினால் அந்த ஆறும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

சரி, அந்த ஆறையும் 2,000-இல் போனதாக வைத்துக்கொள்ளலாம் என்பார் அடுத்தவர். அப்போது 1,630 வரும். அதுவும் தப்பு, அவை போகவே இல்லை. அவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்தது ‘2,000-க்கு மேல்’ என்பது மட்டும்தான். இப்படி அரைகுறையாகத் தெரிந்த ஆயுளுக்கு ‘சென்சார்டு’ தரவு என்று பெயர். தூக்கி எறியவும் கூடாது, முடிந்துபோனதாகக் கணக்கில் ஏற்றவும் கூடாது.

எளிய முறை இது: பத்து மோட்டாரும் சேர்ந்து ஓடிய மொத்த நேரத்தைப் பழுதுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். போன நாலும் ஓடியது 4,300, நிற்கிற ஆறும் ஓடியது 12,000, ஆக 16,300. நாலால் வகுத்தால் 4,075 மணி. முதலில் போட்ட 1,075 எங்கே, இது எங்கே! பழுது வீதம் மாறாமல் இருந்தால்தான் இந்த எளிய முறை செல்லும். வீதம் மாறும் என்றால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் கணக்கிலிருந்து விலகினால் கப்லான்-மையர் முறை இருக்கிறது. 1958-இல் வந்தது, மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்குக்கு இன்றும் அதுதான். நடுவில் ஊர் மாறிப்போன நோயாளியும் நிறுத்திவைத்த மோட்டாரும் கணக்கின் கண்ணுக்கு ஒன்றே.

வைபுல், வைபுல்ங்கறாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

வலோடி வைபுல் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். 1951-இல் ஒரு கட்டுரையில், எஃகின் வலிமை தொடங்கி மனிதர்களின் உயரம் வரை சம்பந்தமில்லாத பல தரவுகளுக்கும் ஒரே சூத்திரம் பொருந்துகிறது என்று காட்டினார். அதில் இரண்டு எண் முக்கியம். ‘ஈட்டா’ என்பது காலத்தின் அளவு: அந்த நேரத்துக்குள் 63.2 சதவீதம் போயிருக்கும். ‘பீட்டா’ என்பது குணம். அது 1-க்குக் கீழே இருந்தால் நாளாக ஆகப் பழுது வீதம் குறைகிறது, அதாவது செய்யும்போதே கோளாறு. 1 என்றால் வயதுக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை. இடி விழுவது மாதிரி. 1-க்கு மேலே போனால் தேய்மானம். நான் ரிப்போர்ட் வாங்கினால் முதலில் பார்ப்பது பீட்டாவைத்தான். தொழிற்சாலையில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

முன் பதிலின் நாலு பழுதையும் வைபுல் தாளில் (இந்தச் சூத்திரம் நேர்கோடாக விழும்படி கட்டம் போட்ட வரைபடத் தாள்) புள்ளி வைத்துப் பாருங்கள். முதல் பழுது எத்தனையாவது சதவீதம் என்பதற்கு ஒரு சுருக்கு வழி: வரிசை எண்ணில் 0.3 கழித்து, மொத்த எண்ணிக்கையுடன் 0.4 கூட்டியதால் வகுக்கவும். 0.7-ஐ 10.4-ஆல் வகுத்தால் 6.7 சதவீதம். மற்றவை 16.3, 26, 35.6. வகுக்கும் இடத்தில் 4.4 போடாமல் 10.4 போடுகிறோம் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஆறும் கணக்குக்குள் வருவது அங்கேதான். புள்ளிகள் ஊடே கோடு போட்டால் பீட்டா ஏறக்குறைய 1.27, ஈட்டா சுமார் 3,350 மணி, பி10 சுமார் 570 மணி.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒன்று வைண்டிங்கில் போய், இன்னொன்று பேரிங்கில் போனால் இரண்டையும் ஒரே கோட்டில் வைக்காதீர்கள். பேரிங் கணக்குப் போடும்போது வைண்டிங்கில் போனதை ‘அந்த நேரம் வரை பேரிங் நன்றாக இருந்தது’ என்று சென்சார்டு தரவாக எடுக்க வேண்டும். புள்ளிகள் நடுவில் முழங்கை மாதிரி மடங்கினால், இரண்டு வித பழுது கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

வெறும் நாலு பழுதை வெச்சு இவ்வளவு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் ‘எவ்வளவு நிச்சயம்’ என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். மேலே வந்த 4,075 மணிக்கு 90 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை) போட்டால் சுமார் 1,800 முதல் 11,900 வரை விரிகிறது. பார்த்ததும் மேனேஜருக்குக் கோபம் வரும். “இது என்ன, ஊட்டிக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறேன் என்கிற மாதிரி!” என்றார் ஒருவர். கோபம் நியாயம்தான், ஆனால் நாலு பழுது தரக்கூடிய அறிவு அவ்வளவுதான். பீட்டாவும் அப்படியே, 1.27 என்று வந்தாலும் உண்மையில் 1-க்குக் கீழேயோ 2-க்கு மேலேயோ இருக்க இடமுண்டு.

இடைவெளி சுருங்க வேண்டுமானால் பழுதுகள் வேண்டும், மோட்டார்கள் அல்ல. 100 மோட்டாரை ஓட்டி நாலு பழுது கண்டாலும் நிலைமை ஏறத்தாழ இதேதான்.

22 பீஸ் டெஸ்ட் பண்ணினோம், ஒண்ணுகூடப் போகலை. நம்பகத்தன்மை 100 சதவீதம்னு போட்டுடலாமா?

போடக் கூடாது. போடக்கூடியது இது: “குறித்த நேரத்துக்கு 90 சதவீத நம்பகத்தன்மை உண்டு என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.” காரணம் சின்னக் கணக்கு. உண்மையான நம்பகத்தன்மை 0.9 ஆக இருந்தால் 22 பீஸும் தப்பிப்பதற்கான வாய்ப்பு 0.9-ஐ 22 தடவை பெருக்கியது, அதாவது 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 95 சதவீத நம்பகத்தன்மையை 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் 59 பீஸ். 99 சதவீத நம்பகத்தன்மையை 90 சதவீத நம்பிக்கையோடு சொல்ல 230 பீஸ். அவ்வளவு சோதனை பெஞ்ச் கிடையாது என்றால் கூடுதல் நேரம் ஓட்டலாம். பீட்டா 2 என்று முன்பே தெரிந்திருந்தால், இரண்டு மடங்கு நேரம் ஓட்டி 22-க்குப் பதில் 6 பீஸில் முடிக்கலாம். பீட்டா 1 என்றால் 11 பீஸ் வேண்டும். பீட்டாவை ஊகித்துவிட்டு இந்தச் சலுகையை எடுப்பவர்களிடம் ஜாக்கிரதை.

ஒன்றும் போகவில்லை என்பதை ஒன்றும் போகாது என்று படிப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு, 1986 ஜனவரியில் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்வெளி ஓடம் இருக்கிறது. அதற்கு முன்பு நாசாவின் ஓடங்கள் 24 தடவை பத்திரமாகத் திரும்பியிருந்தன. அந்த 24 வெற்றியை மட்டும் வைத்துப் பார்த்தால், எட்டொன்பது பயணத்துக்கு ஒரு விபத்து என்பதைக்கூட 95 சதவீத நம்பிக்கையோடு மறுக்க முடியாது. ஆனால் நாசா நிர்வாகத்தினர் லட்சத்தில் ஒன்று என்றும், பொறியாளர்கள் நூற்றில் ஒன்று அளவில் என்றும் சொன்னதை விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்டு ஃபெய்ன்மன் எடுத்துக் காட்டினார். கடைசியில் 135 பயணங்களில் இரண்டு ஓடங்கள் அழிந்தன.

அஞ்சு வருஷம் உழைக்குமான்னு பார்க்க அஞ்சு வருஷம் ஓட்டியா பார்ப்பீங்க?

இல்லை, அதற்குள் அந்த மாடலே மாறிவிடும். வெப்பத்தையோ வோல்டேஜையோ சுமையையோ கூட்டி, சீக்கிரம் பழுதாக வைத்து, சாதாரண நிலைமைக்குத் திருப்பிக் கணக்குப் போடுகிறோம். வெப்பத்துக்கு அரீனியஸ் சூத்திரம். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கு ‘10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு’ என்ற வாய்ப்பாட்டு விதியே போதும். 105 டிகிரியில் 2,000 மணி என்று அச்சிட்ட கெபாசிட்டர் 65 டிகிரியில் நாலு தடவை இரட்டித்து 32,000 மணி வரும்.

சிக்கல் எங்கே என்றால், அரீனியஸில், வெப்பம் ஏறினால் பழுது எவ்வளவு வேகமாகும் என்பதைக் காட்டும் ‘செயலூக்க ஆற்றல்’ என்ற ஒரு எண்ணை நாம் கொடுக்க வேண்டும். 85 டிகிரியில் 1,000 மணி ஓட்டினோம், 40 டிகிரிக்குத் திருப்புகிறோம். அந்த எண் 0.7 என்றால் 26 மடங்கு, 26,000 மணி. 0.5 என்றால் 10 மடங்குதான். அதே சோதனைதான், ஊகம் மட்டும் வேறு. யாராவது வேகச் சோதனை ரிப்போர்ட் நீட்டினால் “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று வெப்பநிலையில் ஓட்டித் தாங்களே கண்டது என்றால் சரி. அப்புறம், ரொம்பச் சூடாக்கினால் வயலில் ஒருநாளும் நடக்காத பழுது வரும். பிளாஸ்டிக் உருகிப் போனதை வைத்து வைண்டிங்கின் ஆயுளைச் சொல்ல முடியாது.

எல்இடி விளக்குக்காரர்கள் இதில் ஒரு கடிவாளம் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் நேரம்தான் அங்கே ஆயுள், ‘எல்70’ என்பார்கள். டிஎம்-21 முறைப்படி, 20 மாதிரியாவது வைத்துச் சோதித்திருந்தால் சோதித்த நேரத்தைப் போல் 6 மடங்கு வரைதான் ஆயுள் அறிவிக்கலாம். 6,000 மணி சோதித்தவர் 36,000-க்கு மேல் வாய் திறக்கக் கூடாது.

வாரண்டியில திரும்பி வந்த கணக்கு லட்சக்கணக்குல இருக்கே, அதை விட்டுட்டு டெஸ்ட் எதுக்கு?

அந்தக் கணக்கு தங்கம்தான், ஆனால் நிறைய மண்ணோடு வரும். திரும்பி வந்தவற்றை மட்டும் பார்த்தால் மோட்டார் கேள்வியில் சொன்ன அதே தப்பு. எத்தனை விற்றோம், எந்த மாதம் விற்றோம் என்பதும் வேண்டும். விற்பனை மாதத்தை ஒரு பக்கமும் திரும்பிய மாதத்தை இன்னொரு பக்கமும் வைத்து ஓர் அட்டவணை போட்டால், ஒவ்வொரு மாதச் சரக்கிலும் எத்தனை எந்த வயதில் போயின, எத்தனை நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

மண் எது என்றால்: விற்ற தேதி நம்மிடம் இருக்கும், பொருத்திய தேதி இருக்காது. ஒரு தடவை ஒரே மாதத்தில் திரும்பி வருவது திடீரென்று ஏறி, எல்லோரும் வைண்டிங் லைனைப் பிடித்து உலுக்கினோம். கடைசியில் பார்த்தால் டீலர்களின் குடோனில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த சரக்கு கோடை பிறந்ததும் ஒரே நேரத்தில் கிணற்றில் இறங்கியிருக்கிறது. அடுத்து, மாதம் வேறு, ஓடிய மணி வேறு. தென்னந்தோப்புப் பம்பும் வீட்டு மாடித் தொட்டிப் பம்பும் ஒரே மாத வயதில் ஒரே வயதல்ல. வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து யாரும் நமக்குச் சொல்வதில்லை, உள்ளூர் வைண்டிங் கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த மாதம் வரைபடம் சட்டென்று சரிவதைப் பார்த்து “நம்ம மோட்டார் ஒரு வருஷத்துக்கு அப்புறம் போகவே போகாது” என்று மகிழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒரே மோட்டாருக்கு மூணு தடவை வைண்டிங் கட்டியாச்சு. அதை மூணு பழுதா எடுத்து வைபுல் போடலாமா?

அவசரப்படாதீர்கள். வைபுல் எதிர்பார்ப்பது ஒவ்வொன்றும் புதிதாகத் தொடங்கிய தனித்தனி ஆயுள். ரீவைண்ட் செய்த மோட்டாரில் ஸ்டாம்பிங் (உள்ளே அடுக்கிய இரும்புத் தகடு) பழசு, பேரிங் பழசு, கிணறும் மின்சாரமும் அதே. முதலில் பழுதுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளைக் கவனியுங்கள். 4,000, 2,500, 900 மணி என்று குறுகிக்கொண்டே வந்தால் அந்த வரிசைதான் செய்தி. மூன்றையும் கலைத்துப் போட்டு ஒரு சராசரி எடுத்தால் செய்தி செத்துவிடும். பழுது பார்த்து ஓட்டும் பொருளுக்கு, ஓடிய நேரத்துக்கு எதிராக மொத்தப் பழுது எண்ணிக்கையை வரைந்து, கோடு மேலே வளைகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

ரெண்டு பம்ப் வெச்சுட்டா கவலையே இல்லையே?

ஒவ்வொன்றும் 90 சதவீதம் என்றால் இரண்டும் ஒருசேரப் போவதற்கு 1 சதவீதம்தான் வாய்ப்பு, அதாவது 99 சதவீதம் பத்திரம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் பழுதானால்தான் இந்தக் கணக்கு. ஒரே லைனில் லோ வோல்டேஜ் வந்தால் இரண்டும் ஒரே இரவில் எரியும்.

அந்தக் காலத்து சாமான் மாதிரி இப்ப வருதா? கம்பெனிக்காரங்க வேணும்னே சீக்கிரம் போற மாதிரி செய்யறாங்களாமே?

வேண்டுமென்றே செய்தது நடந்திருக்கிறது. 1924-இல் பெரிய பல்பு நிறுவனங்கள் ஃபீபஸ் என்று ஒரு கூட்டு அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி என்று நிறுத்திவைத்து, அதற்கு மேல் எரியும் பல்பு செய்தவர்களுக்கு அபராதமே போட்டன. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ‘தாத்தா வாங்கிய ஃபேன் இன்னும் சுற்றுகிறது’ என்பது அதற்கு ஆதாரம் ஆகாது. கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் ஒரு பல்பு 1901-லிருந்து எரிகிறது. அதன் கூடப் பிறந்தவை எல்லாம் எங்கே என்று யார் கேட்கிறார்கள்? மோட்டார் கேள்வியில் நின்றவற்றை மறந்தார்கள், இங்கே போனவற்றை மறக்கிறார்கள். தாத்தாவின் தெருவில் அந்த வருஷம் வாங்கிய ஃபேன்கள் அத்தனையும் இன்று என்ன ஆயின என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

இதெல்லாம் போட சாஃப்ட்வேர் வாங்கணுமா?

வேண்டாம். மேலே வந்த வைபுல் கோட்டை எக்ஸெலிலேயே போடலாம். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் ‘ஆர்’ மொழியில் ‘சர்வைவல்’ தொகுப்பும், பைத்தானில் ‘லைஃப்லைன்ஸ்’ தொகுப்பும் இலவசம்.

அப்போ வாரண்டி எத்தனை மாசம்னு நீங்கதான் முடிவு பண்றீங்களா?

இல்லை. பக்கத்துக் கம்பெனி எவ்வளவு தருகிறான் என்பதைப் பார்த்து மார்க்கெட்டிங் முடிவு செய்கிறது. அதற்கு எவ்வளவு செலவாகும் என்று மட்டும் நான் சொல்கிறேன். பழைய பத்து மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தினம் 3 மணி ஓடுகிறது என்றால் வருஷத்துக்கு 1,095 மணி. பீட்டா 1.27, ஈட்டா 3,350 போட்டால் ஒரு வருஷத்துக்குள் 100-க்கு 21 திரும்பி வரும். இரண்டு வருஷம் என்றால் 44.

முதல் எண்ணைக் கேட்டாலே கணக்குப் பிரிவுக்குத் தலை சுற்றும், அந்த மாடல் சந்தைக்கே போகாது. ஆனால் இரண்டாவது எண்ணை நானே அழுத்திச் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் என்பது 2,190 மணி, நாம் ஓட்டியது 2,000. மீதி 190 மணிக்கு என் கையில் இருப்பது பேப்பரில் நீட்டிய கோடு மட்டும்தான். அந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் செய்வது, நிறுத்திவைத்த ஆறு மோட்டாரையும் திரும்ப பெஞ்சில் ஏற்றச் சொல்வது.